வீட்டுக் கோழி முட்டைல மஞ்சக்கரு வெளிறிப் போறது ஏன், என்ன போட்டா நிறம் ஏறும்

நீங்க கேட்டத நான் புரிஞ்சுகிட்ட மாதிரி ஒரு தடவ சொல்லிடறேன். கோயம்புத்தூர் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி 9 கோழி வச்சிருக்கீங்க, அதுல 5 சிறுவிடைங்கற நாட்டுக்கோழி, 4 கிராமப்ரியாங்கற முட்டை ரகம். ரேஷன் அரிசி, நொய்யி, கொஞ்சம் கம்பு, மிச்சம் மீதி சோறு இதுதான் தீவனம். பக்கத்து வீட்டுக்கு முட்டை 15 ரூபான்னு குடுத்தீங்க, அவங்க உடச்சுப் பாத்துட்டு மஞ்சக்கரு வெளுத்துக் கெடக்கு, இது பண்ண முட்டைதான்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு மாசமா தீவனத்துல மஞ்சத்தூளும் கேரட் தோலும் கலந்து போடறீங்க, ஒண்ணும் மாறல. வேற என்ன போடலாம், எத்தன நாள்ல நிறம் தெரியும்னு கேட்டிருக்கீங்க. ஆனா நீங்க எழுதியிருக்கற விதத்தப் பாத்தா உள்ளுக்குள்ள இன்னொரு கேள்வியும் இருக்கு, நம்ம முட்டைல நெசமாவே சத்து கம்மியா, நாம ஏமாத்தி வித்துட்டமான்னு. ரெண்டுக்கும் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் நாமக்கல் பக்கம் ஒரு ஃபீட் மில்லு லேப்ல 14 வருசம் இருந்தவன். மக்காச்சோளம், சோயா, தவிடு எல்லாத்தையும் சோதிக்கறது, பண்ணையில இருந்து வர்ற முட்டைய உடச்சு நிறம் பாத்து எழுதறது, இதான் வேலை. இப்ப ராசிபுரம் பக்கம் வீட்டுல இருபது இருபத்தஞ்சு கோழி இருக்கு. கால்நடை டாக்டர் கெடையாது, அதனால நோய் பத்தி வர்ற எடத்துல நான் சொல்றத முடிவா எடுத்துக்காதீங்க, தீவனம் பத்தினத தாராளமா எடுத்துக்கலாம்.

மொதல்ல சந்தேகமே இல்லாத விசயம். மஞ்சக்கருவுல இருக்கற நிறத்த கோழியால சொந்தமா உண்டாக்க முடியாது. அது திங்கறதுல இருந்துதான் வரணும், வேற வழியே கெடையாது. அந்த நிறப்பொருளுக்குப் பேரு கரோட்டினாய்டு, அதுலயும் மஞ்சக்கருவுல போய்ப் படியறது முக்கியமா ஸாந்தோஃபில்னு ஒரு வகை. லூட்டின், ஸியாஸாந்தின் ரெண்டும் மஞ்ச நிறம் குடுக்கும், செவந்த மொளகாயில இருக்கற கேப்ஸாந்தின் செவப்பு குடுக்கும். இப்ப உங்க தீவனத்தப் பாருங்க. அரிசில இது சுத்தமா இல்ல, நொய்யி அதே அரிசிதான், சோறும் அதேதான். கம்புல இருக்கறது பேருக்குத்தான். வெள்ளச்சோளம் போட்டாலும், கோதுமை போட்டாலும் இதே கதைதான். ஆக உங்க கோழி நிறமே இல்லாத சாப்பாட்டத் தின்னு நிறமில்லாத மஞ்சக்கரு போடுது, அவ்வளவுதான் நடந்திருக்கு. கோழிக்கு சீக்கு, ஜாதி கலப்பு, வித்தவங்க ஏமாத்திட்டாங்க அப்படின்னெல்லாம் மனசப் போட்டு அலட்டிக்க வேணாம். ஜப்பான்ல ஹொக்கைடோ பக்கம் அரிசி போட்டு வளக்கற கோழியோட முட்டைய, கிட்டத்தட்ட வெள்ளையாவே இருக்கற மஞ்சக்கருவோட, தனி ரகம்னு சொல்லி விக்கறாங்க.

அடுத்தது மஞ்சத்தூள். இதக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா உங்களுக்கு மட்டுமில்ல எனக்குத் தெரிஞ்ச பாதிப் பேருக்கு இந்த நம்பிக்க இருக்கு. பேருலயே மஞ்சள்னு இருக்கு, கையில பட்டா ரெண்டு நாளைக்குப் போக மாட்டேங்குது, அப்ப முட்டைலயும் ஏறும்னுதான் யாருக்கும் தோணும். ஆனா மஞ்சள்ல இருக்கற குர்குமின் வேற சாதிப் பொருள், அது கரோட்டினாய்டே கெடையாது. கோழி குடல்ல அது ரொம்பக் கொஞ்சமாத்தான் உறியும், உறிஞ்சதையும் ஈரல் ஒடச்சு வெளிய தள்ளிடும், மஞ்சக்கரு வரைக்கும் வந்து சேர்றது சொல்லிக்கற அளவுக்கு இருக்காது. நானே வீட்டுல 6 கோழிக்கு நூறு பங்கு தீவனத்துல ஒரு பங்கு மஞ்சத்தூள்னு 3 வாரம் போட்டுப் பாத்திருக்கேன், ஆரம்பத்துல என்ன நிறம் இருந்துச்சோ கடைசிலயும் அதே நிறம்தான். சில ஆராய்ச்சியில லேசா ஏறுனதாவும் வந்திருக்கு, சிலதுல ஒண்ணுமே ஆகலன்னும் வந்திருக்கு, அதனால துளிகூட ஏறாதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா நீங்க எதிர்பாக்கற நிறம் அதுல வராதுங்கறது உறுதி. வேற ஒரு காரணத்துக்காகவும் நிறுத்திடுங்கன்னு சொல்வேன். லூஸ்ல விக்கற மஞ்சத்தூள்ல பளிச்சுன்னு தெரியறதுக்காக லெட் குரோமேட் கலக்கற கெட்ட பழக்கம் நம்ம நாட்டுலயும் வங்கதேசத்துலயும் பிடிபட்டிருக்கு, அது ஈயம். ஈயம் கோழிக்குள்ள போனா முட்டைக்கும் வரும், அந்த முட்டைய நம்ம வீட்டுக் கொழந்தைங்கதான் திங்கும்.

கேரட்டுக்கு வருவோம். கேரட்ல இருக்கறது பெரும்பாலும் பீட்டா கரோட்டின். கோழி அத வைட்டமின் ஏ-வா மாத்தி செலவு பண்ணிடும், நிறமா மஞ்சக்கருவுல கொண்டு போய் வைக்கறது ரொம்பக் கம்மி. கோழிக்கு நல்லதுதான், போட வேணாம்னு சொல்லல, நிறத்துக்கு ஆகாது. பூசணியும் கிட்டத்தட்ட அப்படித்தான், என்ன, அதுல லூட்டினும் ஓரளவு இருக்கறதால கேரட்ட விடப் பரவால்ல. தக்காளியோட செவப்பும் சரியாப் படியாது. பீட்ரூட் நிறம் தண்ணில கரையற ரகம், மஞ்சக்கருங்கறது கொழுப்புப் பண்டம், அதுக்குள்ள பீட்ரூட் நுழையவே நுழையாது, எச்சம்தான் செவப்பா வரும், அதப் பாத்துட்டு ரத்தக்கழிச்சல்னு பயந்து போய் போன் பண்ணுனவங்களும் உண்டு.

மில்லுல நிறத்த எப்படி அளக்கறதுன்னு சொன்னா உங்களுக்கு மீதி சுளுவாப் புரியும். யோக் கலர் ஃபேன்னு ஒண்ணு இருக்கு, ரோச் கம்பெனி கொண்டு வந்தது, இன்னிக்கு வரைக்கும் நாங்க ரோச் ஃபேன்னுதான் சொல்வோம். விசிறி மாதிரி விரியும், ஒவ்வொரு பட்டைலயும் ஒரு நிறம், 1ன்னா வெளிறுன எலுமிச்ச, 15ன்னா நல்ல செவந்த ஆரஞ்சு. முட்டைய வெள்ளத் தட்டுல உடச்சு, பகல் வெளிச்சத்துல, நேர் மேல இருந்து பாத்து எந்தப் பட்ட ஒத்து வருதோ அந்த நம்பர எழுதிக்குவோம். நீங்க சொல்றத வச்சுப் பாத்தா உங்க முட்டை 2, 3ல இருக்கும். இதுல தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு, மஞ்ச நிறப்பொருள மட்டும் எவ்வளவு ஏத்துனாலும் ஒரு 7, 8க்கு மேல பெருசா நகராது, அப்படியே நின்னுடும். அதுக்கு மேல அந்தக் குங்குமப்பூ மாதிரி ஆரஞ்சு வேணும்னா செவப்பும் சேரணும். ஆனா அடியில மஞ்சள் இல்லாம செவப்ப மட்டும் போட்டா ரோஸ் கலந்த ஒரு அசிங்கமான நிறம் வரும், யாரும் வாங்க மாட்டாங்க. சுவருக்கு பிரைமர் அடிச்சுட்டு அப்புறம் பெயிண்ட் அடிக்கற மாதிரிதான், மஞ்சள் மொதல்ல, செவப்பு அது மேல.

பண்ணைல இதத்தான் கணக்குப் போட்டுச் செய்யறாங்க. மஞ்ச மக்காச்சோளத்துல கிலோவுக்கு உத்தேசமா 15ல இருந்து 25 மில்லிகிராம் ஸாந்தோஃபில் இருக்கும். குதிரமசால்ங்கற தீவனப் பயிரோட எலத்தூள்ல கிலோவுக்கு 200ஐத் தாண்டும். செண்டுமல்லிப் பூ இதழக் காயவச்சு அரச்சா அது ஆயிரக்கணக்குல போகும், அதுக்காகவே சத்தியமங்கலத்துக்கு மேல தாளவாடி பக்கமும் அந்தாண்ட கர்நாடகாவுலயும் ஏக்கர் ஏக்கரா செண்டுமல்லி போட்டு, பூவுல இருந்து சாறு எடுத்து உலகம் பூரா அனுப்பறாங்க. மக்காச்சோளம் வெல ஏறும்போது மில்லுல அதக் கொறச்சு கம்பு, நொய்யின்னு ஏத்துவோம், பத்து நாள்ல மஞ்சக்கரு வெளுக்கும், முட்டை வியாபாரி பண்ணைக்காரருக்கு போன் பண்ணுவாரு, பண்ணைக்காரர் எங்களுக்குப் பண்ணுவாரு, நாங்க செண்டுமல்லித் தூளோ கேந்தாஸாந்தின்ங்கற செயற்கை செவப்போ சேப்போம், மறுபடி நிறம் ஏறிடும். வெயிலயே பாக்காத கூண்டுக் கோழி 12ம் நம்பர்ல முட்டை போட்டத நான் என் கையால எழுதியிருக்கேன். அதனால உங்க பக்கத்து வீட்டுக்காரங்க ஆரஞ்சா இருந்தா நாட்டு முட்டை, வெளுத்தா பண்ண முட்டைன்னு வச்சிருக்கற கணக்கு தப்பு, பல நேரம் நேர் தலகீழாக்கூட இருக்கும். ஓட்டு நிறத்த வச்சும் சொல்ல முடியாது, வெள்ள முட்டைய டீத்தூள் தண்ணில போட்டு பழுப்பாக்கி நாட்டு முட்டைன்னு விக்கறவங்களே இருக்காங்க.

சரி, நீங்க என்ன செய்யணும். என் பதில் ஒரே வார்த்தையில, கீரை. பச்ச எலைல லூட்டின் கொட்டிக் கெடக்கு, பச்சை நிறம் மேல மூடியிருக்கறதால நம்ம கண்ணுக்குத் தெரியறதில்ல. காசு போட்டு வாங்கற எந்தப் பொடியும் இல்லாம உங்க முட்டை 3ல இருந்து 7, 8 வரைக்கும் வந்துடும். உங்க ஊர்ல சுலபமாக் கெடைக்கறது முருங்கை. 9 கோழிக்கு தெனமும் ரெண்டு மூணு நல்ல கொத்து போதும், உருவிக் கணக்குப் பாத்தா கோழிக்கு ஒரு கைப்பிடி எலை. கீழ போட்டா மிதிச்சு எச்சம் பண்ணி வீணாக்கும், அதனால கொத்தாக் கட்டி கோழி கழுத்த நீட்டிக் கொத்தற ஒசரத்துல தொங்க விடுங்க, அதுக்குப் பொழுதும் போகும், ஒண்ண ஒண்ணு எறகு புடுங்கறதும் கொறையும். முருங்கை போட முடியாத நாள்ல தண்டுக்கீரை, சக்கரவள்ளிக் கொடியோட எலை, காராமணி எலை, கறிவேப்பில, அருகம்புல்லு நறுக்குனது எது இருந்தாலும் போடுங்க. பாலக்கீரை தெனமும் வேணாம், அதுல ஆக்ஸலேட் ஜாஸ்தி, ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பக் கட்டிப் போட்டுடும். கொஞ்சம் எடம் இருந்தா ஓரமா வேலிமசால்ங்கற தீவனச் செடி வெதச்சு விடுங்க, ஒரு தடவ புடிச்சிகிட்டா வெட்ட வெட்டத் தழையும், புரதமும் உண்டு. தண்ணில மெதந்து வளர்ற அசோலாவும் நல்லதுதான், ஆனா அதுல பத்துல ஒம்பது பங்கு தண்ணி, அதனால ஒரு பிடி அசோலா போட்டுட்டு தீவனத்தக் கொறச்சுடாதீங்க, சாணி கரைச்ச தண்ணில வளத்ததா இருந்தா அந்த வாடை போற வரைக்கும் அலசிட்டுப் போடுங்க.

ரெண்டு எலைக்கு மட்டும் எச்சரிக்க. சவுண்டல், சில ஊர்ல சூபாபுல்னு சொல்றது, நிறம் குடுக்கறதுல ரொம்ப நல்ல எலை, ஆனா அதுல மிமோசின்னு ஒரு நச்சு இருக்கு, தீவனத்துல நூத்துக்கு 5 பங்குக்கு மேல போனா முட்டை கொறயும், எறகு கொட்டும். காஞ்ச எலையாக் கொஞ்சூண்டு கலந்தாப் போதும். இன்னொண்ணு அகத்தி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது அமிர்தம், அந்த நெனப்புல கோழிக்கும் அள்ளிப் போடறாங்க, ஆனா கோழிக்குஞ்சுக்கு அது ஆகறதில்லன்னு சோதன பண்ணிப் பாத்திருக்காங்க. பெரிய கோழி அங்கங்க ரெண்டு எலை கொத்துனா ஒண்ணும் ஆயிடாது, ஆனா முருங்கை இருக்கும்போது அகத்தி எதுக்கு. அரளி, ஆமணக்கு, உன்னிச்செடி இதெல்லாம் கோழி திரியற எடத்துல இல்லாமப் பாத்துக்குங்க.

கீரையோட கூட தானியத்தையும் கொஞ்சம் மாத்தணும். அரிசிலயும் நொய்யிலயும் பாதிய எடுத்துட்டு மஞ்ச மக்காச்சோளக் குருணை போடுங்க. வாங்கும்போது புது வருசத்துச் சோளமான்னு கேளுங்க, வச்சிருக்க வச்சிருக்க அதோட நிறப்பொருள் காத்துல ஆக்ஸிஜன் பட்டுப் போயிட்டே இருக்கும், பழைய சோளம் பாக்க மஞ்சளா இருந்தாலும் வேலைக்கு ஆகாது. பூஞ்சணம் புடிச்சது, மக்குன வாசம் வர்றது எவ்வளவு மலிவாக் குடுத்தாலும் வேணாம், பூஞ்சணத்துல வர்ற அஃப்லாடாக்ஸின்ங்கற நச்சு ஈரலக் கெடுத்துடும், ஈரல் கெட்டா நிறமும் ஏறாது முட்டையும் நிக்கும். அப்புறம் இந்த நிறப்பொருள் எல்லாம் எண்ணெயில கரையறது, தீவனத்துல கொழுப்பு கொஞ்சமாவது இருந்தாத்தான் குடல்ல உறியும். வெறும் அரிசித் தீவனத்துல அது இல்ல. செக்குல ஆட்டுன கடலப் புண்ணாக்கு ஒரு கைப்பிடி ஊறவச்சுக் கலந்தா அதுல மிச்சமிருக்கற எண்ணெயே போதும், உங்க தீவனத்துல கொறஞ்சு கெடக்கற புரதமும் சேரும். புண்ணாக்கும் பூஞ்சணம் இல்லாததா இருக்கணும், கடலப் புண்ணாக்குல அது சீக்கிரம் வரும். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கு கிளிஞ்சல் தனியா ஒரு சட்டில வச்சிடுங்க, வேணுங்கற கோழி தின்னுக்கும்.

ஒண்ணு கவனம், கீரை நல்லதுன்னு தெரிஞ்சதும் சிலபேர் தானியத்த நிறுத்திட்டு கீரையா அள்ளிப் போடறாங்க. கோழியோட வயிறு சின்னது, கீரையில வயிறு ரொம்பிட்டா முட்டைக்கு வேண்டிய சத்துக்கு எடம் இருக்காது. நிறம் பிரமாதமா இருக்கும், முட்டைதான் வாரத்துக்கு ஒண்ணு வரும். காலைல தானியம், மத்தியானத்துக்கு மேல கீரைன்னு வச்சுக்குங்க.

இதுக்கு மேலயும் ஆரஞ்சு வேணும்னா மொளகா. காரம் கோழிக்கு ஆகுமான்னு பயப்பட வேணாம், பறவைங்களுக்கு மொளகாக் காரம் உணர்ற அமைப்பு நமக்கு இருக்கற மாதிரி இல்ல, கிளி பச்ச மொளகாவ கடிச்சுத் திங்கறத நீங்களே பாத்திருப்பீங்க. பியாடகி மொளகான்னு கேளுங்க, கர்நாடகாவுல ஹாவேரி மாவட்டத்துச் சரக்கு, தோல் சுருங்கி நீளமா இருக்கும், காரம் கம்மி நிறம் ஜாஸ்தி. நூறு பங்கு தீவனத்துல அரப் பங்கே போதும், உங்க 9 கோழிக்கு ஒரு நாளைக்கு மூணு வத்தல அரச்சு ஈரத் தீவனத்துல பெசறி விட்டாச் சரியா இருக்கும். முழு வத்தலா வாங்கி நீங்களே அரைங்க, கடைல லூஸா விக்கற மொளகாத்தூள் வேணாம். அதுல சூடான்ங்கற தொழிற்சாலைச் செவப்புச் சாயம் கலந்து புடிபட்டது எத்தனையோ தடவ. 2006ல சீனாவுல மஞ்சக்கரு செக்கச்செவேல்னு இருக்கணும்னு வாத்துக்கு தீவனத்துலயே சூடான் சாயம் கலந்து குடுத்து, அது வெளிய தெரிஞ்சு, கடைகள்ல இருந்து முட்டைய அள்ளிட்டுப் போனாங்க. அந்தச் சாயமும் கொழுப்புல கரையறதுதான், அதனால மஞ்சக்கருவுல நேராப் போய் ஏறுது. கோழி திங்கறது நம்ம தட்டுக்கு வரும், அந்த ஒரு நெனப்போட எதையும் போட்டீங்கன்னா தப்பு வராது.

செண்டுமல்லியும் போடலாம், ஆயுத பூசைக்கு அப்புறம் மார்க்கெட்ல சும்மாவே கெடைக்கும். ஆனா அந்த நேரம் கெடைக்கறதுல மருந்து அடிச்ச பூ ஜாஸ்தி, பூவத் திங்கறதுக்குன்னு யாரும் வளக்கறதில்ல. வீட்டுல நாலு செடி வச்சு, அந்த இதழ நெழல்ல காயவச்சு நுணுக்கிப் போட்டா நல்லது. முருங்கை எலைய காயவச்சாலும் நெழல்லதான், வெயில்ல காஞ்சா நிறப்பொருள் பாதி போயிடும், பச்சை வெளுத்து வைக்கோல் மாதிரி ஆயிட்டா அதுல ஒண்ணும் மிச்சமில்லன்னு அர்த்தம்.

எத்தன நாள்ல தெரியும்னு கேட்டிருந்தீங்க. ஒரு மஞ்சக்கரு கோழி வயித்துக்குள்ள கடைசி ஏழெட்டு, பத்து நாள்லதான் வேகமாப் பெருக்கும், வெங்காயம் மாதிரி அடுக்கு அடுக்கா மேல படியும். அதனால இன்னிக்கு மாத்துன தீவனம் மூணு நாலு நாள்ல லேசாத் தலகாட்டும், முழு நிறம் வர ரெண்டு வாரம் ஆகும். இந்த மாத்துன தீவனத்த நிறுத்துனாலும் நிறம் அதே வேகத்துல எறங்கிடும். எல்லா முட்டையும் ஒரே மாதிரி வரும்னு எதிர்பாக்காதீங்க. உங்க கிராமப்ரியா தொடர்ந்து போடற ரகம், அது திங்கற நிறம் நெறய முட்டைக்குப் பங்கு போகும். சிறுவிடை ஒரு பத்துப் பதினஞ்சு முட்டை போட்டுட்டு அடைக்கு உக்காந்துக்கும், அது முட்டை கொஞ்சம் அடர்த்தியாவே இருக்கும். மஞ்சக் கால் இருக்கற கோழியா இருந்தா இன்னொண்ணும் பாக்கலாம், முட்டை போடப் போட அலகும் காலும் வெளுத்துட்டே வரும், ஏன்னா தோலுக்குப் போக வேண்டிய நிறம் முட்டைக்குப் போகுது. இந்த மஞ்சக் கால் விசயத்துல ஒரு சேதி, உலகத்துல இருக்கற வீட்டுக் கோழிக்கெல்லாம் மூலம் செவப்புக் காட்டுக்கோழின்னாலும், மஞ்சத் தோலுக்கான ஜீன் மட்டும் சாம்பல் காட்டுக்கோழில இருந்து வந்ததுன்னு 2008ல ஸ்வீடன் ஆராய்ச்சியாளருங்க கண்டுபுடிச்சாங்க. அந்தச் சாம்பல் காட்டுக்கோழி நம்ம தென்னிந்தியக் காட்டுப் பறவை, உங்க ஊருக்கு மேற்கால மலைல இன்னிக்கும் கூவிகிட்டு இருக்கு. வெளிநாட்டு லெகார்ன் கோழியோட மஞ்சக் காலு நம்ம காட்டுல இருந்து போன சொத்துன்னு படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு.

கீரை, மக்காச்சோளம் எல்லாம் சரியாப் போட்டு மூணு வாரம் ஆகியும் நிறம் ஏறலன்னா அப்ப கோழியோட குடலப் பத்தி யோசிக்கணும். குடற்புழு இருந்தாலும், ரத்தக்கழிச்சல் வந்து போயிருந்தாலும் குடலால நிறப்பொருள உறிய முடியாது, பண்ணைல நோய் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே மஞ்சக்கரு வெளுத்துக் காட்டிக் குடுத்தத நான் பாத்திருக்கேன். ஆனா வெளுத்தா இந்த நோய்தான்னு நான் இங்க இருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. காலைல புது எச்சத்த ஒரு டப்பால எடுத்துகிட்டு பக்கத்து கால்நடை மருந்தகத்துக்குப் போங்க, மைக்ரோஸ்கோப்புல பாத்துச் சொல்லிடுவாங்க.

மஞ்சக்கரு பச்சயாவோ பழுப்பாவோ வந்தா அது வேற கதை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்குல காஸிபால்னு ஒரு பொருள் இருக்கு, அதத் தின்ன கோழி போடற முட்டை அன்னிக்கு நல்லாத்தான் இருக்கும், வச்சிருக்க வச்சிருக்க மஞ்சக்கரு ஆலிவ் பச்சையா மாறும். பருத்திலயும் இலவங்கொட்டைப் புண்ணாக்குலயும் இருக்கற ஒரு வகைக் கொழுப்பு மஞ்சக்கருவச் சுத்தி இருக்கற சவ்வக் கெடுத்து வெள்ளக்கருவ ரோஸ் நிறமாக்கும். ஒரு தடவ ஒரு வீட்டம்மா பச்சை மஞ்சக்கருவோட ஆறு முட்டைய எடுத்துகிட்டு எங்க லேபுக்கே வந்துட்டாங்க, யாரோ செய்வின வச்சுட்டாங்கன்னு அழுகாத கொறை. கேட்டுக் கேட்டுப் பாத்ததுல, அவங்க கோழிக்கு அதப் போடவே இல்ல, மாட்டுத் தொட்டில ஊறவச்சிருந்த பருத்திக்கொட்டைய கோழி போய்க் கொத்திட்டு இருந்திருக்கு. தொட்டிய மூடி வச்சாங்க, பதினஞ்சு நாள்ல சரியாச்சு. உங்க வீட்டுலயோ பக்கத்துலயோ மாடு இருந்தா இத மனசுல வச்சுக்குங்க. அவிச்ச முட்டைல மஞ்சக்கருவச் சுத்தி ஒரு பச்ச வளையம் வர்றது தீவனத்தால இல்ல, ரொம்ப நேரம் வெந்ததால கந்தகமும் இரும்பும் சேர்றது, அதுக்கு யாரும் பயப்பட வேணாம்.

இப்ப உங்க மனசுல இருக்கற கேள்வி, சத்து. புரதம் நிறத்தப் பொறுத்து மாறாது, வெளுத்த முட்டைலயும் ஆரஞ்சு முட்டைலயும் அளவுக்குத் தகுந்த மாதிரி 5, 6 கிராம் இருக்கும். கொழுப்பு, கொலஸ்ட்ரால் அதுவும் நிறத்த வச்சு ஏறி எறங்கறதில்ல. இது உறுதி. கீரை தின்ன கோழி முட்டைல லூட்டின் கூடுதல், அது நம்ம கண்ணு விழித்திரைக்கு வேண்டியது, முட்டைக் கொழுப்போட சேந்து வர்றதால நமக்கும் நல்லா உறியும். இதுவும் உறுதி. பச்சையும் புழு பூச்சியும் தின்னு வெயில்ல திரியற கோழி முட்டைல வைட்டமின் ஈ, டி, ஒமேகா 3 கொழுப்பு கூடுதலா இருக்கறதாவும் பல எடத்துல அளந்திருக்காங்க, ஆனா எவ்வளவு கூடும்ங்கறது என்ன தின்னுச்சு, எத்தன மணி நேரம் திரிஞ்சுதுங்கறதப் பொறுத்தது, அதனால உங்க முட்டைல இத்தன மடங்குன்னு யாராவது நம்பர் சொன்னா நம்பாதீங்க. ருசி விசயம் எனக்கு இன்னும் சந்தேகம்தான். கண்ணக் கட்டிட்டுக் குடுத்தா வித்தியாசம் தெரியறதா நான் பாத்ததில்ல, ஆனா வீட்டுல எல்லாரும் ஆரஞ்சு முட்டைதான் ருசின்னு சொல்றாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது.

நீங்க ஏமாத்தல. அரிசி தின்ன கோழியோட நேர்மையான முட்டையத்தான் குடுத்திருக்கீங்க. ஆனா அந்த வெளுப்பு உங்களுக்கு ஒண்ணு சொல்லுது, உங்க கோழிக்குப் பச்சையே கெடைக்கலன்னு, அத மட்டும் காதுல வாங்கிக்குங்க. நிறத்துக்காக பொடி வாங்கிப் போட்டா நிறம் மட்டும்தான் வரும், எலையாப் போட்டா அதோட கூட மத்ததும் வரும், அதுக்காகத்தான் கீரை கீரைன்னு இவ்வளவு தூரம் சொல்றேன்.

நாளைக்குக் காலைல தீவனத்த மாத்தறதுக்கு முன்னாடி ஒரு சிறுவிடை முட்டையும் ஒரு கிராமப்ரியா முட்டையும் வெள்ளத் தட்டுல உடச்சு ஜன்னல் வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து வைங்க, ட்யூப்லைட் வேணாம், நிறம் ஏமாத்தும். 15 நாள் கழிச்சு அதே தட்டுல அதே நேரத்துல அதே கோழிங்களோட முட்டைய எடுங்க. ரெண்டு போட்டோவையும் இங்க போடுங்க, பாத்து நம்பர் சொல்றேன், ஏறலன்னா என்னன்னு தீவனத்த ஒண்ணொண்ணாப் பாப்போம். பக்கத்து வீட்டம்மாவுக்கும் காட்டுங்க.